பெயர் கொடுக்கப் பயந்த ஊர்



ஹெரோயின் தூளில் அகப்பட்டவருக்கு மருந்து இருக்கிறது. மெதடோன், பியூப்ரெனோர்பின் இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. எங்கள் ஆட்களுக்கு எது பொருந்தும், எவ்வளவு காலம் கொடுப்பது என்பதை ஆய்வு செய்துதான் அறியவேண்டும். அதற்குத் தாங்களாக முன்வரும் ஆட்கள் தேவை.

வன்னியில் அப்படி ஆள் சேர்க்கப் போனால் என்ன நடக்கும்? புதுக்குடியிருப்பில் ஒரு வீட்டுப் படலையில், கையில் படிவத்தோடு ஒருவர் நிற்கிறார் என்று வையுங்கள். "அம்மா, மகன் தூள் பாவிக்கிறவராம். பேர் பதிவமோ?"

"அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இல்லை."

அந்தத் தாயைக் குறைசொல்ல ஏலாது. போர் முடிந்த 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் பெயர் பதிந்த சனம் இது. பதிவு, விசாரணை, பிறகு பிள்ளையைப் பிரித்துப் புனர்வாழ்வுக்குக் கொண்டுபோனது எல்லாம் ஞாபகத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் அந்த வழியால் போனவர்கள். இன்று போதைவஸ்துப் பாவனையாளர்களை வைத்திருக்கும் கந்தக்காடு நிலையமும் அதே புனர்வாழ்வுப் பணியகத்தின் கீழ்தான். 2022 ஜூனில் அங்கே ஒருவர் இறந்தார், நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடினார்கள். அந்த வருடம் கொண்டுவந்த புனர்வாழ்வுச் சட்டமூலத்தில் முன்னாள் போராளிகளும் போதைக்கு அடிமையானவர்களும் ஒரே பட்டியலில் இருந்தார்கள். உயர் நீதிமன்றம் குறுக்கிட்ட பிறகே போராளிகள் பற்றிய பகுதி நீங்கி, 2023 ஜனவரியில் அது சட்டமானது. போதாததற்கு, 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டப்படி நீதிமன்றம் ஒருவரைக் கட்டாய சிகிச்சைக்கும் அனுப்பலாம். மருந்து தாறம் என்று வருபவருக்குப் பின்னால் பொலிஸ் நிற்கும் என்று அந்தத் தாய் நினைக்காமல் என்ன செய்வா?

ஆய்வுக்கு ஆள் சேர்க்கச் சுலபமான இடம் கந்தக்காடு போன்ற நிலையம்தான். எல்லோரும் ஓரிடத்தில் இருப்பார்கள், இடையில் நழுவமாட்டார்கள். அமெரிக்காவில் இதைச் செய்து பார்த்தார்கள். கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் 1935இல் திறந்த நிலையத்தில், போதைக்கு அடிமையான கைதிகளிடம் பல ஆண்டுகள் மருந்துகளைச் சோதித்தார்கள். இணங்கியவர்களுக்குத் தண்டனைக் குறைப்பு. சில வேளைகளில் கைம்மாறாகப் போதைப்பொருளே கிடைத்தது. 1970களின் நடுவில் அந்த நாட்டு செனட் சபையில் விடயம் வெளிவந்து, கைதிகள் மீதான ஆய்வு நின்றது. பியூப்ரெனோர்பின் பற்றிய தொடக்ககால அறிவின் ஒரு பகுதி அங்கிருந்து வந்ததுதான். ஆனாலும் அந்த வழி எங்களுக்கு வேண்டாம். வீட்டுக்குப் போகலாம் என்ற ஆசை காட்டி வாங்கும் சம்மதத்தை நான் சம்மதமாகக் கணக்கெடுக்கமாட்டேன்.

கேட்கும் நேரமும் முக்கியம். தூள் கிடைக்காமல் மூக்கு ஒழுகி, கால் உளைந்து, வயிறு கலங்கி நிற்பவர் எந்தக் கடுதாசியிலும் கையெழுத்து வைப்பார். உடம்பு சற்றுத் தேறியபின் கேட்கவேண்டும். கேட்பவர் அவருக்கு வைத்தியம் பார்க்கும் டொக்டராகவோ, விதானையாராகவோ இருக்கக்கூடாது. மாட்டேன் என்றாலும் வழக்கமான கிளினிக் சேவை குறையாது என்று முதலிலேயே சொல்லவேண்டும்.

பிறகு பஸ் காசு. துணுக்காயிலிருந்து கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி வந்துபோகும் கூலித் தொழிலாளிக்கு அன்றைய உழைப்பு போய்விடும்; அதை ஈடுசெய்யவேண்டும். காசைக் கொடுத்தால் அதுவும் தூளுக்குத்தான் போகும் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். மற்ற நோயாளிகளிடம் இந்தக் கணக்கை யாரும் கேட்பதில்லையே.

யாராவது உங்கள் வீட்டுக்கு இப்படி வந்தால் இரண்டு விடயம் கேளுங்கள். முதலாவது, எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது? யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் அப்படியொரு குழு இருக்கிறது. இலங்கை மருத்துவ ஆய்வுப் பதிவேடு 2006இலிருந்து இயங்குகிறது, அதன் பதிவிலக்கத்தையும் கேட்கலாம்.

இரண்டாவது, ஆய்வு முடிந்தபிறகும் மருந்து கிடைக்குமா? இதை அழுத்திக் கேளுங்கள். சில காலம் தூள் தொடாமல் இருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. மருந்து நின்று, ஒருவர் திரும்பப் பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். ஆகவே மருந்து எதுவரைக்கும், அதன்பின் எந்தக் கிளினிக், யார் பொறுப்பு என்பதைத் தமிழில் எழுத்தில் வாங்கிய பிறகு கையெழுத்து வையுங்கள்.