வண்டூருக்கு முன் ஹொப்பெமா

அந்தமானின் வண்டூர்க் கடற்கரையைத் தைல வண்ணத்தில் வரைய ஆசைப்படுகிறவரிடம், கொஞ்ச நாள் கடற்கரைப் பக்கமே போகாதீர்கள் என்று சொன்னால் கோபம்தான் வரும். ஆனாலும் சொல்கிறேன்.

வண்டூரில் கண்ணுக்கு விருந்து அதிகம். வேளைக்கு ஒரு நிறம் காட்டும் கடல், அலையாத்திக் காடு, 2004 சுனாமிக்குப் பின் கரையில் பட்டுப்போன மரங்கள், அப்பால் தேசியப் பூங்காத் தீவுகள். புதிதாக வரைபவர் எல்லாவற்றையும் கேன்வாஸில் ஏற்றிவிடுவார். எதை விடுவது என்ற முடிவை மேதைகள் ஏற்கெனவே எடுத்திருக்கிறார்கள். அவர்களின் ஓவியங்களைப் பார்த்து வரையும்போது நாம் கற்பது அந்த முடிவைத்தான்.

இப்படிப் பிரதி எடுப்பது கற்றுக்குட்டிகளின் வேலை என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் ஜான் கான்ஸ்டபிள், 'வைக்கோல் வண்டி' என்ற புகழ்பெற்ற ஓவியத்தை 1821இல் காட்சிக்கு வைத்தவர். 1823இல், தம் 47ஆம் வயதில், ஒரு நண்பர் வீட்டில் தங்கி குளோட் லொரேன் ஓவியங்களைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார்! நம் ரவி வர்மாவுக்கு அந்த வசதிகூட இல்லை. திருவிதாங்கூர் அரண்மனை ஓவியர் தைல வண்ண நுணுக்கத்தைச் சொல்லித்தர மறுத்தார். 1868இல் அங்கு வந்த ஓவியர் தியடோர் ஜென்சன், தாம் வரைவதைப் பார்க்க மட்டும் அனுமதித்தார். எந்த நிறத்தின் மேல் எந்த நிறம் ஏறுகிறது என்று பார்த்தே பிடித்துக்கொண்டார் ரவி வர்மா.

நீங்கள் டச்சு ஓவியர் ஹொப்பெமாவின் 1689ஆம் ஆண்டு ஓவியம், 'மிடல்ஹார்னிஸ் சாலை'யில் தொடங்கலாம். லண்டன் தேசிய ஓவியக்கூடத்தின் இணையதளத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம். தொடுவானம் எவ்வளவு கீழே இருக்கிறது, வானம் எவ்வளவு இடம் எடுத்துக்கொள்கிறது என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்து, இருள், நடு, ஒளி என மூன்றே திட்டுகளாகப் பூசுங்கள். இலைகளுக்கு அவசரம் இல்லை.

அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும், மேலே போகப் போகக் கூடுதலாகவும் இருக்கட்டும். வரிசை மாறினால் பூச்சு நாளடைவில் வெடிக்கும். தைல வண்ணத்திலுள்ள ஆளி விதை எண்ணெய் தண்ணீர்போல ஆவியாகி உலர்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்றே இறுகுகிறது. நம் அந்தமான் ஈரத்தில் கேன்வாஸைச் சுவரில் ஒட்டிச் சாய்த்தால் பின்புறம் பூஞ்சை பிடிக்கும். காற்றோட்டமாக வையுங்கள்.

பிறகு வண்டூருக்குப் போங்கள். தொடுவானத்தை எங்கே வைப்பது என்ற பாடம் கைகொடுக்கும். ஹாலந்தின் பழுப்பும் சாம்பலும் கைகொடுக்காது. இங்கே உச்சி வெயிலில் மரத்தின் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். மாலையில் சூரியன் கடல் பக்கம் இறங்கும்போது, எதிரே நிற்கும் மரம் வெறும் கருமைதான். அதை ஹொப்பெமா சொல்லித்தர முடியாது. ஒன்று: முதலை எச்சரிக்கைப் பலகை உள்ள ஓடைக்கரையில் ஸ்டாண்டை விரிக்காதீர்கள். ஓவியர் என்று முதலைக்குத் தெரியாது.

பிரதியை மூல ஓவியத்தின் அளவிலேயே செய்யாதீர்கள். பாரிஸ் லூவரில் பிரதி எடுப்பவர்களுக்கும் இதே விதிதான். பின்பக்கத்தில் 'ஹொப்பெமாவைப் பார்த்து வரைந்தது' என்று தெளிவாக எழுதி, அதன்கீழ் உங்கள் பெயரைப் போடுங்கள்.