மடக்குக் கத்தி வாங்கும் முன் மூட்டைப் பாருங்கள்

(ஏலகிரி கூடாரப் பயணத்துக்கான ஆயத்தக் கூட்டத்தில் பேசியது. அன்று வர இயலாதவர்களுக்காக எழுதித் தரும்படி சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார்.)



போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார்: "ஏலகிரிக்குப் போகும்போது வீட்டுக்கு ஒரு கத்தி கொண்டுவரச் சொல்கிறார்களே, எதை வாங்கலாம்?" அரைமணி நேரத்தில் பதினேழு லிங்குகள் வந்து விழுந்தன. ஒன்றில் ரம்பப் பல் வைத்த கத்தி. இன்னொன்றில் மண்டையோட்டுப் படம். வேறொன்றின் பிடிக்குள் விசில், டார்ச், திசைகாட்டி எல்லாம் இருந்தன. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "இதில் எதையும் வாங்காதீர்கள்" என்று எழுதிவிட்டேன். அதற்கான தண்டனைதான் இந்தப் பேச்சு.

"பேங்க் கிளார்க்காக இருந்தவருக்குக் கத்தியைப் பற்றி என்ன தெரியும்?" என்று பி பிளாக் நண்பர் லிஃப்டில் கேட்டார். நியாயமான கேள்விதான்.

நான் வேலையில் சேர்ந்த நாளில், நோட்டுக் கட்டு என்றால் நூறு நோட்டுகளைச் சேர்த்து ஸ்டேப்பிள் பின் அடித்திருப்பார்கள். எண்ணுவதற்கு முன்னால் அந்தப் பின்னை நெம்பி எடுக்க வேண்டும். நகத்தால் எடுத்தால் நகம் போகும், இழுத்தால் நோட்டு கிழியும். அதனால் எங்கள் கேஷ் டிராயரில் முத்திரைக்குப் பக்கத்தில் ஒரு பேனாக்கத்தி எப்போதும் கிடக்கும். இறகுப் பேனாவின் முனையைச் சீவுவதற்காக ஒரு காலத்தில் வைத்திருந்த கத்தி என்பதால் அதற்கு அந்தப் பெயர். 2001 நவம்பரில் ரிசர்வ் வங்கி, கட்டுகளில் பின் அடிக்கக் கூடாது, காகிதப் பட்டைதான் சுற்ற வேண்டும் என்று உத்தரவு போட்டது. எனக்கு அந்த உத்தரவு ஐந்து வருடம் தாமதம்.

1996-ல் ஒரு மாதக் கடைசி. சில்லறை நாணய மூட்டை ஒன்றைத் திறக்க வேண்டும். சணல் கயிற்றால் தைத்து இறுக்கியிருந்தார்கள். கவுன்ட்டருக்கு வெளியே பெரிய வரிசை. கத்தியை விரித்து, முனையை முடிச்சுக்குள் குத்தி, மேல்நோக்கி நெம்பினேன். அலகு பின்பக்கமாக மடங்கி என் வலது ஆள்காட்டி விரல் மேல் வந்து உட்கார்ந்தது. நான்கு தையல். காயம் பத்து நாளில் ஆறிவிட்டது. நரம்பு ஆறவில்லை. இன்றைக்கும் அந்த விரல் நுனியில் பாதிக்கு உணர்ச்சி கிடையாது. நோட்டு எண்ணுகிறவனுக்கு அந்த நுனிதான் கண். இரண்டு நோட்டு ஒட்டிக்கொண்டு வந்தால் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். எனக்கு அது தெரியாமல் போய், இரண்டு முறை கணக்கில் குறைந்து, கையிலிருந்து கட்டினேன். மூன்றாவது முறை வருவதற்குள் நானே கேட்டு கிளியரிங் பிரிவுக்குப் போய்விட்டேன். கேஷியருக்கென்று சம்பளத்தில் சேர்த்துத் தரும் சிறப்புப் படியும் போயிற்று.

அந்தக் கத்தியின் விலை 25 ரூபாய். நான் பி.காம். படித்தவன், விட்டுப்போன படியையும் மாதா மாதம் கூட்டிப் பார்த்திருக்கிறேன். என் வாழ்க்கையில் வாங்கியதிலேயே விலை உயர்ந்த கருவி அதுதான்.

இவ்வளவுக்கும் அதன் அலகில் ஒரு குறையும் இல்லை. நல்ல கூர். குறை இருந்தது மூட்டில், மீதிக் குறை என்னிடத்தில். விரித்த அலகைப் பிடித்து நிறுத்தும் பூட்டு அந்தக் கத்தியில் கிடையாது. முதுகுப்பக்கம் ஒரு தகட்டு வில் அலகை லேசாக அழுத்திக்கொண்டிருந்தது, அவ்வளவே. பழம் நறுக்க அது போதும். குத்தி நெம்புவதற்குப் போதாது. இது எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். மடக்குக் கத்தி என்பது வேண்டுமென்றே நடுவில் ஒடித்து, அங்கே ஓர் ஆணி அடித்த கத்தி. அதன் மொத்த பலமும் அந்த ஒடிந்த இடத்தில்தான் இருக்கிறது. நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தொடை எவ்வளவு திடமாக இருந்தால் என்ன, முழங்கால் சரியாக இருக்கிறதா என்பதுதானே கேள்வி?

ஆகவே கடையில் கத்தியைக் கையில் எடுத்தால் முதலில் செய்ய வேண்டியது, கூரைத் தடவிப் பார்ப்பது அல்ல. முழுவதும் விரியுங்கள். அலகின் முதுகை இரண்டு விரலால் பிடித்து இடமும் வலமும் மெதுவாக அசையுங்கள். ஆடினால் கீழே வைத்துவிடுங்கள். பிறகு பூட்டு விழுந்திருக்கிறதா என்று பார்த்து, பிடியை விரல்கள் அலகின் பாதையில் வராதபடி பிடித்துக்கொண்டு, அலகின் முதுகை மேஜை விளிம்பில் லேசாக அழுத்துங்கள். பூட்டு நழுவினால் அந்தக் கத்தி உங்களுக்கு வேண்டாம். மடக்கிய நிலையில் அலகு பிடியின் நடுவே நேராகப் படுக்க வேண்டும். முனை வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. மூட்டில் திருகாணி இருந்தால் தளரும்போது இறுக்கிக்கொள்ளலாம். அடித்துத் தட்டிய ஆணி தளர்ந்தால் வீட்டில் ஒன்றும் செய்ய முடியாது. ஆன்லைனில் வாங்குகிறவர்கள் பார்சல் வந்த அன்றே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள்.

பூட்டுகளில் பல வகை உண்டு. பிடியின் முதுகில் ஒரு கட்டை இருக்கும், அதை அழுத்தினால் அலகு விடுபடும். இது பழைய வகை, நம்பகமானது, மடக்க இரண்டு கையும் வேண்டும். இன்னொரு வகையில் பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு பக்கவாட்டில் நகர்ந்து அலகின் அடியில் முட்டுக்கொடுக்கும். மடக்கும்போது கட்டைவிரலால் அதைத் தள்ள வேண்டும். அந்த நேரத்தில் கட்டைவிரல் அலகின் பாதையிலேயே இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. பட்டனைத் தட்டினால் தானே பாய்ந்து விரியும் கத்தி மட்டும் வேண்டவே வேண்டாம். சினிமாவோடு போகட்டும்.

நான் வைத்திருப்பவை இரண்டு. முதலாவது சிவப்புப் பிடி போட்ட சுவிட்சர்லாந்துக் கத்தி, விக்டோரினாக்ஸ். 1884-ல் இபாக் என்ற ஊரில் கார்ல் எல்ஸனர் ஆரம்பித்த பட்டறை, 1891 முதல் அந்நாட்டு ராணுவத்துக்குக் கத்தி கொடுத்திருக்கிறது. விக்டோரியா என்பது அவர் அம்மாவின் பெயர். இனாக்ஸ் என்றால் துருப்பிடிக்காத எஃகு. எல்லோரும் வாங்குகிற அந்த 91 மி.மீ. கத்தியில் கத்தரிக்கோல், டின் திறப்பான், திருப்புளி என்று என்னவெல்லாமோ இருக்கும், பெரிய அலகுக்குப் பூட்டு மட்டும் இருக்காது. இது பலருக்குத் தெரியாது. பெயர்பெற்ற கம்பெனி, அதனால் எல்லாம் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். 111 மி.மீ. வரிசையில் பூட்டு உள்ளவை கிடைக்கும், அவை சட்டைப் பைக்குக் கொஞ்சம் கனம். என் சிவப்புக் கத்தி பார்சல் பிரிக்கவும் பழம் நறுக்கவும் தினமும் பையில் இருக்கிறது. அதை நான் குத்துவதற்குப் பயன்படுத்துவதில்லை.

இரண்டாவது பிரான்ஸ் நாட்டு ஒப்பினெல். சவாய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890-ல் செய்ய ஆரம்பித்தது. மரப்பிடி, ஓர் அலகு, ஒரு வளையம். 1955-லிருந்து அதில் ஒரு பூட்டு வளையம் சேர்த்திருக்கிறார்கள். அலகை விரித்துக் கழுத்தில் உள்ள வளையத்தைத் திருகினால் முடிந்தது. விளக்கப் புத்தகம் வேண்டாம். கண்ணால் பார்த்தாலே பூட்டியிருக்கிறதா இல்லையா என்று தெரியும். கண்ணாடியைத் தேடுகிற வயதில் இது பெரிய வசதி. எண் வரிசையில் அளவு வரும். 8-ஆம் எண்ணின் அலகு 8.5 செ.மீ. கூடாரத்துக் காய்கறிக்கும் கயிற்றுக்கும் இதற்கு மேல் நீளம் தேவையில்லை. இதற்கும் ஒரு குறை உண்டு. மரம் ஈரத்தில் உப்பினால் அலகு வெளியே வர அடம்பிடிக்கும். பிடியின் அடிப்பக்கத்தை மேஜையில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு சற்று எழும்பும், அதைப் பிடித்து இழுக்கலாம். அந்த ஊர்க்காரர்களே அப்படித்தான் செய்கிறார்களாம்.

விலை கேட்டால் முகம் சுளிப்பீர்கள். எனக்கு இது 2,400 ரூபாய் ஆயிற்று. நேர்கோட்டு முறையில் தேய்மானம் போடுங்கள். இருபது வருடம் உழைத்தால் வருடத்துக்கு 120 ரூபாய். நம் மாதப் பராமரிப்புக் கட்டணத்தின் தாமத அபராதத்தைவிடக் குறைவு. பொருளாளர் மன்னிக்கவும்.

இனி எஃகு. இதைப் பற்றி இணையத்தில் சண்டை போடுகிறவர்கள் ஏராளம். நமக்குத் தேவையான விஷயம் சிறியது. கார்பன் எஃகு சீக்கிரம் கூர் பிடிக்கும், சீக்கிரம் துருவும் பிடிக்கும். எலுமிச்சையோ மாங்காயோ நறுக்கித் துடைக்காமல் விட்டால் கறுத்துப்போகும். குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்ந்தால்தான் துருப்பிடிக்காத எஃகு என்ற பெயர். அதுவும் அறவே பிடிக்காது என்றில்லை, தாமதமாகப் பிடிக்கும். நம் பால்கனிக் கம்பிகள் கடற்காற்றில் என்ன கதியானது என்று உங்களுக்கே தெரியும். இங்கே இருப்பவர்கள் துருப்பிடிக்காத வகையை வாங்குவதே நல்லது. ஒப்பினெல்லில் இரண்டும் கிடைக்கிறது, பார்த்து வாங்குங்கள்.

கூர் மழுங்கியதும் தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கலாமா? அரிவாள்மனையைத் தாராளமாகக் கொடுங்கள். மெல்லிய மடக்குக் கத்தியைச் சுழலும் சக்கரத்தில் அழுத்திப் பிடித்தால் சூடேறி விளிம்பில் நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் எஃகின் பதம் போயிற்று. பிறகு எத்தனை முறை தீட்டினாலும் நிற்காது. வீட்டில் ஒரு சாணைக்கல், கொஞ்சம் தண்ணீர், பத்து நிமிடம் போதும். கல்லுக்கும் அலகுக்கும் நடுவே சுமார் இருபது பாகை சாய்வு. அலகைச் செங்குத்தாக நிறுத்தி, அதில் பாதி சாய்த்து, அதிலும் பாதி சாய்த்தால் ஏறக்குறைய அந்தச் சாய்வு வந்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் தேயுங்கள். கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில், சலூனில் சவரக் கத்தியை இழுப்பார்களே, அந்த மாதிரி பின்னோக்கி நாலு இழுப்பு.

மூட்டுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் விட்டால் நாளடைவில் பிசுக்குப் பிடித்துத் தூசி சேரும். மணல் புகுந்தால் நல்ல தண்ணீரில் விரித்து அலசி, உலர்த்தி, பிறகு எண்ணெய் விடுங்கள். மரப்பிடியை ஊறவைக்காதீர்கள்.

ஏலகிரியில் பலாப்பழம் கிடைக்கும். மடக்குக் கத்தியால் அதை வெட்டாதீர்கள் என்று காலில் விழுந்து கேட்கிறேன். பலாப்பால் மூட்டுக்குள் போய்விட்டால் அப்புறம் கத்தி விரியாது, விரித்தால் மடங்காது, வளையம் திரும்பாது. நான் அனுபவப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தேங்காய் எண்ணெயும் பல்குச்சியுமாக உட்கார்ந்திருந்தேன். பலாவுக்கு எண்ணெய் தடவிய சாதாரணச் சமையல் கத்தி போதும். அதேபோல விறகு பிளக்க மடக்குக் கத்தியைச் சுத்தியலால் தட்டுகிறவர்களை வீடியோவில் பார்க்கிறோம். ஒவ்வொரு தட்டும் மூட்டின் ஆணியில் போய் விழுகிறது. விறகுக்கு அரிவாள் ஒன்று பொதுவில் வரும், ஏ பிளாக் நண்பர் பொறுப்பேற்றிருக்கிறார்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2016 ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைத்தான் ஆயுத வரிசையில் வைக்கின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் செய்யப்பட்டவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. நம் 8.5 செ.மீ. மூன்றரை அங்குலம்கூட வராது. ஆனால் சட்டம் அளவைப் பார்க்கும், போலீஸ்காரர் சூழ்நிலையைப் பார்ப்பார். கல்யாண மண்டபத்துக்கும் கோயிலுக்கும் இடுப்பில் கத்தி எதற்கு? விமானத்தில் போவதானால் கைப்பையில் கூடாது, செக்-இன் பெட்டிக்குள் வையுங்கள். லண்டனில் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் இன்னும் கவனம். அங்கே பூட்டு இல்லாத, 3 அங்குலத்துக்கு மிகாத மடக்குக் கத்தியை மட்டுமே தக்க காரணமின்றி வெளியே வைத்திருக்கலாம். நான் எந்தப் பூட்டுக்காக இவ்வளவு நேரம் வாதாடினேனோ, அந்தப் பூட்டு இருந்தால் அங்கே வம்பு.

பிள்ளைகள் விஷயம். என் பேரனுக்கு வயது பதினொன்று. போன விடுமுறையில் கத்தி வேண்டும் என்று கேட்டான். அவன் அம்மா என்னை முறைத்தாள். நான் என் ஆள்காட்டி விரல் நுனியை அவனிடம் காட்டி, குண்டூசியால் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டான். "வலிக்கலையா தாத்தா?" என்றான். "தெரியவே இல்லைடா" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு 8-ஆம் எண்ணைக் கொடுத்து, வளையத்தைத் திருகி, என்னைப் பார்க்காமல் தன்னை வெளிப்பக்கமாக வைத்து ஒரு மூங்கில் குச்சியைச் சீவச் சொன்னேன். மூன்று முளைக்குச்சி செய்தான். ஒவ்வொரு முறையும் வளையத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டே ஆரம்பித்தான். அந்த மூன்றும் இந்தப் பயணத்தில் எங்கள் கூடாரத்துக்கு வருகின்றன.

புறப்படுவதற்கு முந்தைய சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, கிளப் ஹவுஸ் திண்ணையில் கல்லும் பெல்ட்டுமாக உட்கார்ந்திருப்பேன். உங்கள் கத்தியைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்து வாருங்கள். புதிதாக வாங்கியவர்கள் பில்லையும் கொண்டுவந்தால், மூட்டு ஆடுகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். செக்யூரிட்டியிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறேன், பயப்பட மாட்டார்.