தங்கம் யாருக்கு? தூசி யாருக்கு?



சுரங்கம் மூடுவதைப்பற்றி நான் பேச வேண்டுமென்று கேட்டுக்கொண்டீர்கள். திறப்பதைப்பற்றிப் பேச வேண்டுமானால் எத்தனையோ பேர் கிடைப்பார்கள். பூமி பூஜை என்பார்கள், புரோகிதர் வருவார், பூசணிக்காய் உடைபடும், மந்திரி வருவார், மறுநாள் பத்திரிகையில் படமும் வரும். ஆனால் அதே சுரங்கத்தை மூடுகின்ற நாளில் எந்தப் புரோகிதராவது அந்தப் பக்கம் வந்ததாகக் கேள்விப்பட்டதுண்டா? தட்சணை கிடைக்காத இடத்தில் மந்திரத்திற்கு என்ன வேலை?

கோலார் தங்கவயலை எடுத்துக்கொள்ளுவோம். அது கர்நாடகத்தில் இருந்தாலும் குழியில் இறங்கினவர்களில் மிகப் பெரும்பாலோர் நம்மவர்களே. வட ஆற்காடு, சேலம் முதலிய ஜில்லாக்களில் பண்ணையாளாய்க் கிடந்து, அந்த இழிவைச் சகியாமல் போன ஆதி திராவிடத் தோழர்களே அங்கு அதிகம். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்தப் பிரசாரம் அவ்வூரில் வேர் விட்டது இவர்களால்தான். 1880-ல் ஜான் டெய்லர் என்னும் ஆங்கிலக் கம்பெனி கைவைத்தது முதல், 2001 பிப்ரவரி 28-ல் சர்க்கார் கம்பெனி மூடிய வரையில் 800 டன்னுக்கு மேல் தங்கம் வெளியே போயிற்று. குழி மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம். ஆழம் போகப் போக மேற்பாறையின் பாரம் தாங்காமல் சுவர்கள் வெடித்துச் சிதறும். அதைப் பூமாதேவியின் கோபம் என்று சொல்லுகிறவன் சொல்லட்டும். செத்தவன் தொழிலாளியேயன்றி லண்டனில் இருந்த பங்குக்காரன் அல்ல.

வேலை முடிந்து மேலே ஏறினவனை உடம்பெல்லாம் சோதித்து விட்டார்கள். துணுக்குத் தங்கம் போய்விடக்கூடாதாம்! அவ்வளவு கண்டிப்புக்காரர்கள் மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட அரைத்த கற்பொடியை ஊர் நடுவில் மலை மலையாய் விட்டுப் போனார்களே, அதை யார் சோதித்தார்கள்? கல்லை மாவாக அரைத்து, சயனைட் கரைசலில் தங்கத்தைப் பிரித்து, மீதியைக் கொட்டினது அது. சயனைட் என்ற பேரைக் கேட்டே நாம் பயப்படுகிறோம். உண்மையில் அதில் பெரும்பாகம் நாளாவட்டத்தில் வெயிலிலும் காற்றிலும் சிதைந்துவிடும். சிதையாதது கற்பொடிதான். காற்றடி காலத்தில் அது வீட்டுக்குள்ளும் சோற்றுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் போகும். அதிலுள்ள கந்தகச் சேர்க்கை மழையில் நனைந்தால் அமிலமாகி நிலத்தைக் கெடுக்கும். இப்படிப்பட்ட மேட்டில் சினிமாக்காரர்கள் பாட்டுப் படம் பிடித்ததும் உண்டு! ஊராரோ பிழைப்புக்காக விடியுமுன் பெங்களூர் ரயிலேறிப் போய் இருட்டின பின் திரும்புகிறார்கள்.

இதற்குப் பரிகாரம் தெரியாமல் இல்லை. தோண்டும்போதே மேல்மண்ணைத் தனியே சேர்த்து வைக்க வேண்டும். மேட்டின் சரிவைத் தணித்து, மண் போர்த்தி, புல்லும் செடியும் பிடிக்கச் செய்ய வேண்டும். மழைநீர் உள்ளே இறங்காமல் வாய்க்கால் வெட்ட வேண்டும். குழிவாயைக் கெட்டியாய் அடைக்க வேண்டும். இதற்கெல்லாம் பணம் வேண்டும். பணமோ லாபம் வருகின்ற காலத்திலேயே எடுத்து வைக்கப்பட வேண்டும். கம்பெனி கைவிரித்த பிறகு யாரைப் பிடிப்பது? மூடும் திட்டம் கொடுக்க வேண்டும், அதற்கு ஈட்டுத் தொகை கட்ட வேண்டும் என்று இந்திய சர்க்கார் விதி செய்தது 2003-ல். அதாவது தங்கவயல் மூடி இரண்டு வருஷம் கழித்து! 2017 விதிகளில் அத்தொகையைப் பெரிய சுரங்கங்களுக்கு ஹெக்டேருக்கு 3 லட்சம் ரூபாய் என்று வைத்தார்கள். தோண்டின நிலத்தில் மறுபடி புல் வளர்த்துக் கொடுக்க வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு 2020 ஜனவரியில் சொல்லிற்று.

பணத்தை முன்னமே வாங்கி வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேல்ஸ் நாட்டிலுள்ள அபெர்பான் என்னும் ஊரே சாட்சி. அங்கே நீரூற்றின் மேல் குவித்திருந்த நிலக்கரிக் கழிவு மேடு 1966 அக்டோபர் 21-ல் சரிந்து பள்ளிக்கூடத்தை மூடிற்று. இறந்தோர் 144 பேர்; அவர்களில் குழந்தைகள் 116. மற்ற மேடுகளையாவது அகற்றுங்கள் என்று பெற்றோர் மன்றாடினார்கள். சர்க்கார் செய்ததென்ன? பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்காக ஜனங்கள் அனுப்பிய நிதியிலிருந்தே 1,50,000 பவுன் பிடுங்கிக்கொண்டது! அதைத் திருப்பிக் கொடுத்தது 1997-ல்தான், அதுவும் வட்டியில்லாமல். அந்த நாடு தெய்வ பக்திக்கோ படிப்புக்கோ பஞ்சமுள்ள நாடா என்று கேட்கின்றேன்.

நம் பக்கத்திலும் கல் எடுத்த பின் கைவிட்ட குழிகளில் மழைநீர் தேங்கி, நீந்தப் போன பிள்ளைகள் செத்த செய்தி வருகின்றது. "விதி" என்று அழுதுவிட்டு வருகிறோம். வேலி போடாதவனுக்கு இந்த விதியைவிட நல்ல வக்கீல் வேறு யார்?

பெரிய குவாரியோ சுரங்கமோ வருகின்றதென்றால் கருத்துக் கேட்புக் கூட்டம் போடுவார்கள். அங்கே போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வராதீர்கள். மூடும் திட்டம் எந்தப் பக்கத்தில் இருக்கின்றது? மேல்மண்ணை எங்கே குவிப்பீர்கள்? வேலி யார் செலவு? ஈட்டுத் தொகை எவ்வளவு, யாரிடம் கட்டியிருக்கின்றது? கேளுங்கள். பதிலை எழுதச் சொல்லுங்கள். எழுதினதை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகு இடத்தை விட்டு எழுந்திருங்கள்.