கஞ்சா ஒழிப்பில் கூட்டுக் குழுவும் பஞ்சாயத்தின் கடமையும்

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமொன்றில், வருவாய் இலாகாவில் பணியாற்றி ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



குடிநீர், சாலை, பள்ளிக் கட்டிடம், மண்வளம் ஆகியவற்றைப் பற்றி இம்முகாமில் பல நல்ல சொற்பொழிவுகளைக் கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் பொருள் அவ்வளவு இனிமையானதன்று. கஞ்சா முதலிய போதைப் பொருள்களின் கள்ளக் கடத்தலைத் தடுப்பதற்காகப் பல இலாகாக்கள் ஒன்றுகூடிக் கிராமப்புறங்களில் ஆற்றிவரும் பணியைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். நேற்று மாலை ஓர் அன்பர், "இது போலீசாருடைய வேலை ஆயிற்றே, எங்களிடம் ஏன் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குச் சட்டமே விடை சொல்லுகிறது.

1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள்கள், மனமயக்கப் பொருள்கள் சட்டத்தில் 46, 47 என்று இரண்டு சிறிய பிரிவுகள் உள்ளன. தம் நிலத்தில் கஞ்சாவோ அபினிச் செடியோ சட்டவிரோதமாகப் பயிரிடப்பட்டிருந்தால் நிலத்துக்கு உரியவர் உடனே தகவல் கொடுக்க வேண்டும் என்கிறது முதற் பிரிவு. அடுத்த பிரிவு, அரசாங்க அதிகாரிகளோடு பஞ்சாயத்தாரையும் பஞ்சாயத்துத் தலைவரையும் கிராம உத்தியோகஸ்தர்களையும் பெயர் சுட்டியே குறிப்பிடுகிறது. அத்தகைய பயிர் எங்கேனும் இருப்பதாகத் தெரியவந்தால் அவர்களும் உடனே தகவல் தர வேண்டும். தெரிந்தும் வாளாவிருந்தால் தண்டனைக்கு உரியவராவார்கள். ஆறு மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆகவே, கூட்டுக் குழு என்று நாம் சொல்லும்போது அதன் கடைசி அங்கத்தினர் பஞ்சாயத்தாரே. இதை அறியாமலே பதவியில் அமர்ந்திருப்பவர் பலர்.

மற்ற அங்கத்தினர் யார்? அதே சட்டத்தின் 42-ஆம் பிரிவு சோதனையிடவும், கைப்பற்றவும், கைது செய்யவும் போலீசாருக்கு மட்டும் அதிகாரம் தரவில்லை. வருவாய், கலால், சுங்கம், மருந்துக் கட்டுப்பாடு முதலிய இலாகாக்களின் அதிகாரிகளுக்கும் அந்த அதிகாரம் கிடைக்கும்படி வகை செய்திருக்கிறது. மத்திய அரசின் போதைப் பொருள் கட்டுப்பாட்டுப் பணியகம் 1986-இல் தோன்றியது. இத்தனை கைகள் இருந்தும் ஒரு கை செய்வது மற்றொரு கைக்குத் தெரியாத நிலை நெடுநாள் இருந்தது. அதைச் சீர்படுத்த 2016-இல் ஓர் ஒருங்கிணைப்பு அமைப்பை ஏற்படுத்தினார்கள். 2019-இல் அதை விரிவுபடுத்தி, மாவட்டம் வரை குழுக்கள் அமைத்தார்கள். மாவட்டக் குழுவுக்குக் கலெக்டரே தலைவர். மேசையைச் சுற்றி எத்தனை பேர் அமர்ந்தாலும், மலைச்சரிவில் எந்த ஓடைக்கரையில் என்ன விளைகிறது என்பது அம்மேசையிலிருந்து தெரிவதில்லை.

ஓர் உதாரணம் சொல்லுகிறேன். ஆந்திரப் பிரதேசத்தில் விசாகப்பட்டினத்துக்கு மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலை இருக்கிறது. பாடேரு, சிந்தப்பல்லி, கூடெம் கொத்தவீதி, பெதபயலு, முஞ்சிங்கிபுட்டு என்று பல மண்டலங்கள். 2022 ஏப்ரல் முதல் இவையெல்லாம் அல்லூரி சீதாராம ராஜு மாவட்டத்தைச் சேர்ந்தவை. குளிர்ந்த மலை, வற்றாத ஓடைகள், வண்டி போகாத பாதை, அப்பால் ஒடிசாவின் மல்கான்கிரி, கோராபுட் காடுகள். அங்குள்ள மலைவாழ் மக்கள் கேழ்வரகும் சாமையும் மஞ்சளும் விளைவிப்பவர்கள். சமவெளியிலிருந்து வந்த வியாபாரிகள் அவர்களிடம் விதையையும் முன்பணத்தையும் கொடுத்து, கஞ்சா பயிரிடச் செய்தார்கள். மழைக்காலத்தில் நட்டால் பனிக்காலத்தில் அறுவடை. விளைந்ததை உலர்த்தி, இறுக்கிக் கட்டி, அனகாப்பல்லி, விசாகப்பட்டினம் வழியாக லாரியிலும் ரயிலிலும் ஏற்றினார்கள். நம் மாநிலத்தில் பிடிபடும் கஞ்சாவில் பெரும்பகுதி அம்மலைகளிலிருந்தே வருகிறது. நம் கடற்கரையிலிருந்து படகேறி இலங்கைக்குப் போவதும் உண்டு. பயிரிட்டவனுக்குக் கிடைப்பது சொற்பம். நகரத்தில் விற்பவனுக்கோ அதைப்போலப் பல மடங்கு.

அம்மலையில் வெளியார் நுழைவது எளிதன்று. 2021 அக்டோபரில், தெலங்கானாவின் நல்கொண்டாவிலிருந்து புலனாய்வுக்காக வந்த போலீசாரை லம்பசிங்கி அருகே ஒரு கூட்டம் கற்களால் தாக்கியது. போலீசார் துப்பாக்கிப் பிரயோகம் செய்ய நேர்ந்தது, இருவர் காயமுற்றனர். அதே மாத இறுதியில் ஆந்திர அரசு "பரிவர்த்தனா" என்னும் பெயரில் ஒரு பெரிய நடவடிக்கையைத் தொடங்கியது. மாற்றம் என்பது அச்சொல்லின் பொருள். போலீசாரும், மது, போதைக் குற்றங்களுக்கென அப்போது இருந்த சிறப்பு அமலாக்கப் பணியகமும், வருவாய், வனம், பழங்குடியினர் நலம் ஆகிய இலாகாக்களும் அதில் ஒன்றாக இறங்கின. சில மாதங்களில் ஏழாயிரத்து ஐந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட பயிர் அழிக்கப்பட்டதாகக் கணக்குக் கொடுத்தார்கள். 2022 பிப்ரவரி 12-ஆம் தேதி அனகாப்பல்லிக்கு அருகே கோடூரு என்னும் இடத்தில், அதுவரை கைப்பற்றியிருந்த கஞ்சாவில் ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோவை ஒரே நாளில் தீயிட்டார்கள்.

இந்தப் பெரிய எண்களைவிட என் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று. பல ஊர்களில் அரிவாளை எடுத்துச் செடியை வெட்டியவர்கள் போலீசார் அல்லர், அவ்வூரார்தாம். அதிகாரிகள் ஊர் ஊராகச் சென்று, மக்களைக் கூட்டி, சட்டம் இன்னது, சிறை இத்தனை ஆண்டு, மாற்றுப் பயிர் இன்னது என்று பேசினார்கள். பேச்சுக்கு இசைந்த ஊரில் வேலை ஒரே நாளில் முடிந்தது.

ஆனால் மாற்றுப் பயிர் என்று சொல்லுவது எளிது. விவசாயிகளாகிய உங்களுக்கு இது நன்கு விளங்கும். அம்மலைக்கு ஏற்றது காப்பி; நிழலுக்குச் சில்வர் ஓக் மரம்; அம்மரத்தில் படர மிளகுக் கொடி. அரக்கு அராபிகா காப்பிக்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. எல்லாம் சரி. ஆனால் காப்பி கன்று நட்டு மூன்று, நான்கு ஆண்டுகள் கழித்தே பலன் தரும். கஞ்சாவோ ஆறே மாதத்தில் பணம். இடைப்பட்ட ஆண்டுகளில் அடுப்பு எரிய வேண்டாமா? அந்த இடைவெளியில் மஞ்சளையும் அவரையையும் நல்ல விலைக்கு வாங்க ஆள் இல்லையென்றால், முன்பணத்தோடு வரும் பழைய வியாபாரிக்கே கதவு திறக்கும். கன்று கொடுத்துவிட்டுக் கணக்கை மூடிவிடும் இலாகா, கூட்டுக் குழுவில் பாதி வேலையைத்தான் செய்தது என்பேன்.

அமலாக்கப் பணியகம் 2024-இல் கலைக்கப்பட்டு, அவ்வாண்டு இறுதியில் "ஈகிள்" என்னும் தனிப் படை ஏற்பட்டது. டிரோன் பறக்கவிட்டும் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டும் அவர்கள் வயல்களைத் தேடுகிறார்கள். ஆந்திரப் பக்கத்துச் சாகுபடி வெகுவாகக் குறைந்துவிட்டதென அரசு அறிவித்திருக்கிறது. எல்லைக்கு அப்பால் ஒடிசா மலையில் விளைவதோ இன்னும் இவ்வழியே வருகிறது. எலியை ஒரு வயலிலிருந்து துரத்தினால் பக்கத்து வரப்பில் வளை தோண்டுகிறது.

நம் ஊர்களில் பயிரைவிட அது கடந்துபோகும் வழிதான் கவலைக்குரியது. காய்கறி மூட்டைக்கடியில் வரும். தேங்காய் லோடுக்குள் வரும். பூட்டிக் கிடக்கும் பம்புசெட் அறை, ஆளில்லாத கோழிப் பண்ணைக் கொட்டகை ஆகியவற்றை நல்ல வாடகைக்குக் கேட்டு யாராவது வந்தால் எச்சரிக்கையாயிருங்கள். தெரிந்து இடங்கொடுத்தால் 25-ஆம் பிரிவின்படி கடத்தியவனுக்குரிய தண்டனையே உங்களுக்கும். வண்டியை வாடகைக்கு விடுவோர்க்கும் ஒரு சொல்: வண்டியில் கஞ்சா பிடிபட்டால் வண்டி பறிமுதலுக்கு உட்பட்டது. தமக்குத் தெரியாது என்பதோடு, தக்க முன்னெச்சரிக்கைகளை எடுத்ததாகவும் உரிமையாளர் மெய்ப்பிக்க வேண்டும். யாருக்கு, எந்த ஊருக்கு, என்ன சரக்குக்கு என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பது பெரிய செலவன்று.

தண்டனையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோவுக்குக் குறைந்தால் சிறிய அளவு. ஓராண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவுக்கு மேற்பட்டால் வணிக அளவு. குறைந்தது 10 ஆண்டு, கூடினால் 20 ஆண்டு, அபராதம் லட்சத்துக்குக் குறையாது. இரண்டுக்கும் இடைப்பட்டதற்கும், செடி வளர்ப்பதற்கும் 10 ஆண்டு வரை. ஒரு நடைக்குச் சில ஆயிரம் ரூபாய் கூலி என்று பையைச் சுமந்து செல்லும் இருபது வயதுப் பையனுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லுவதில்லை. பையைக் கொடுத்தனுப்பியவனோ பெரும்பாலும் வெளியிலேயே இருக்கிறான்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். கூட்டுக் குழுவுக்குத் தகவல் கொடுப்பது உங்கள் கடமையில் பாதி. உண்மைச் சாட்சியாக நிற்பது மறுபாதி.

நான் இலாகாவில் சேர்ந்த புதிதில் ஓர் ஊரில் சோதனை நடந்தது. மகஜரில் கையெழுத்திட உள்ளூர்க்காரர் இருவரை அழைத்தார்கள். ஒருவர் டீக்கடைக்காரர். எழுதப்படாத தாளில் அவரிடம் கையெழுத்து வாங்கியதை நான் அருகிலிருந்து பார்த்தேன். இளைஞன், வாய் திறக்கவில்லை. ஆண்டுகள் கழித்து வழக்கு நடந்தபோது, "எனக்கு ஒன்றும் தெரியாது, கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன்" என்று அவர் கூண்டில் சொன்னார். அவர் சொன்னது உண்மை. வழக்குத் தோற்றது. பிடிபட்டவன் குற்றவாளியா, நிரபராதியா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த மௌனம் இன்னும் என்னை உறுத்துகிறது.

பல இலாகாக்கள் கூடிவிட்டால் தவறே நேராது என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தில் துலியா என்று சுமார் ஐயாயிரம் பேர் கொண்ட விவசாய ஊர் ஒன்று உண்டு. அங்கும் பல மாவட்டங்கள் சேர்ந்து அமைத்த கிராமப்புறப் போதைத் தடுப்புக் குழுதான் பணியாற்றியது. 1999 ஜூலையில், மாறுவேடத்தில் தனியாக உலவிய ஒரே ஓர் அதிகாரியின் சொல்லை நம்பி 46 பேரைக் கைது செய்தார்கள். பெரும்பாலோர் கறுப்பினத்தவர். வீடுகளைச் சோதித்ததில் போதைப் பொருள் கிடைக்கவில்லை; பணமும் கிடைக்கவில்லை; ஒலிப்பதிவு இல்லை; கூட இருந்து பார்த்த வேறு சாட்சியும் இல்லை. அப்படியிருந்தும் ஒரு பன்றிப் பண்ணைக்காரருக்கு 90 ஆண்டுச் சிறை விதித்தார்கள். பின்னர் அந்த அதிகாரியின் சாட்சியம் நம்பத்தகாதது என்று வெளிப்பட்டு, 2003-இல் மாநில கவர்னர் 35 பேருக்கு மன்னிப்பு வழங்கினார். அந்தக் குழுவும் கலைந்தது. நாலைந்து ஆண்டுகளைச் சிறையில் இழந்தவர்களுக்கு அதனால் என்ன திரும்பி வந்தது?

நம் சட்டத்தில் இதற்குத் தடுப்புகள் உண்டு. அவற்றைப் பஞ்சாயத்தார் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஒருவர் உடலைச் சோதிக்குமுன், கெஜட் பதிவு அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. அதை அவருக்குச் சொல்ல வேண்டும். பெண்களைப் பெண்களே சோதிக்க வேண்டும். கைப்பற்றிய சரக்குக்குப் பட்டியல் எழுதி மாஜிஸ்திரேட் முன்னிலையில் மாதிரி எடுக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல், சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்யவும் புதிய நடைமுறைச் சட்டம் கட்டளையிடுகிறது. மேலும், தூபான் சிங் என்பவருக்கும் தமிழ்நாடு அரசுக்கும் இடையிலான வழக்கில் 2020 அக்டோபர் 29-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் ஒரு முக்கியமான தீர்ப்பு அளித்தது. இச்சட்டத்தின்கீழ் புலனாய்வு அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் கொண்டு ஒருவரைக் குற்றவாளி ஆக்க இயலாது என்பது அது. ஆகவே கண்ணால் கண்டு சொல்லும் சாட்சியின் மதிப்பு முன்னிலும் கூடியிருக்கிறது. மகஜர் சாட்சியாக உங்களை அழைத்தால் ஒதுங்காமல் செல்லுங்கள். எடை போடுவதைப் பாருங்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்திடாதீர்கள்.

வரப்புத் தகராறையும் தேர்தல் பகையையும் தீர்த்துக்கொள்ள இச்சட்டத்தைக் கருவியாக்க நினைப்போரும் இருக்கக்கூடும். வேண்டுமென்றே பொய்த் தகவல் கொடுத்து ஒருவரைக் கைதாகச் செய்தால், கொடுத்தவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை. காரணமின்றித் துன்புறுத்திச் சோதனையிடும் அதிகாரிக்கும் தண்டனை உண்டு.

போதைக்கு அடிமையாகிவிட்ட பிள்ளைகளைப் பற்றிச் சில தாய்மார்கள் கேட்டார்கள். தான் பயன்படுத்தியதற்காகவோ, சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்குக்கு உள்ளானவர் தாமாகவே முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெற 64-அ பிரிவில் இடமிருக்கிறது. ஆலோசனைக்கு 14446 என்னும் இலவசத் தொலைபேசி எண் உண்டு. அப்பிள்ளையைக் கடத்தல்காரனோடு ஒரே தராசில் நிறுக்காதீர்கள்.

கடைசியாக, தகவல் கொடுத்தால் பெயர் வெளியே வந்துவிடாதா என்ற அச்சம். இத்தகவல் எங்கிருந்து கிடைத்தது என்று சொல்லும்படி எந்த அதிகாரியையும் வற்புறுத்த இயலாது என்று 68-ஆம் பிரிவு சொல்லுகிறது. உள்ளூர் ஸ்டேஷனுக்குச் செல்லத் தயங்குகிறவர், 2024 முதல் இயங்கும் 1933 என்னும் தேசிய எண்ணுக்குப் பெயர் சொல்லாமலே பேசலாம். இரு எண்களையும் பஞ்சாயத்து அலுவலகச் சுவரிலும் ரேஷன் கடையிலும் எழுதி வையுங்கள். அடுத்த கிராம சபையில் 46, 47 பிரிவுகளைப் படித்துக் காட்டுங்கள். தமிழ்ப் பிரதிகளை வாயிலருகே வைத்திருக்கிறேன். மகஜர் எழுதும் முறையைப் பற்றி ஐயமுள்ளவர்கள் பிற்பகல் அமர்வுக்குப் பின் வந்து பார்க்கலாம். மாதிரிப் படிவம் ஒன்றை நிரப்பிக் காட்டுகிறேன்.