உடன் வந்த நாய்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஆலை வாயில்தோறும் இரண்டொரு நாய்கள் படுத்திருப்பதைக் காண்கிறேன். வடநாட்டுத் தொழிலாளர் தம் ரொட்டியில் ஒரு துண்டை அவற்றுக்கு இடுவர். ஊர் திரும்பும்போது நாயையும் ரயிலேற்றிச் சென்றவர் எவரையும் நான் கண்டதில்லை. உள்நாட்டுப் பயணத்திலேயே இப்படி என்றால், அயல்நாட்டில் அகப்பட்ட தெருநாயை யார் அழைத்து வருவார்?

ஒருவர் அழைத்து வந்தார். உக்ரைனின் கார்கிவ் நகரில் பொறியியல் பயின்ற டேராடூன் இளைஞர் அவர். 2021-இல் தெருவில் கண்ட நாயொன்றை எடுத்து வளர்த்தார். 2022 பிப்ரவரி 24-இல் போர் மூண்டபோது, அதை விட்டுவர மறுத்துக் கீவ் நகர நிலவறையொன்றில் அதனுடன் தங்கினார். நம் மயிலாடுதுறை மாணவி ஒருவரும் தாம் வளர்த்த நாயின்றி விமானம் ஏற மறுத்தவரே.

அயல்நாட்டு நாய் இங்கு வர வெறிநோய்த் தடுப்பூசி, மருத்துவச் சான்று, அனுமதிக் கடிதம் எல்லாம் வேண்டும். சென்னையில் இறங்குவனவற்றைப் பரிசோதிக்கப் பள்ளிக்கரணையில் மத்திய அரசின் நிலையமே இருக்கிறது. நாய்க்கடியால் இன்றும் உயிர்கள் மாளும் நாட்டில் இவ்விதியைக் குறைகூற நான் துணியேன். ஆயினும், குண்டுமழைக்கு நடுவே சான்றிதழுக்கு எங்கே போவது? அந்நாட்களில் மத்திய அரசு ஒருமுறை மட்டும் விதியைத் தளர்த்தியது. இளைஞரும் நாயும் ஹங்கேரி வழியாகத் தாயகம் சேர்ந்தனர்.