மிருக வைத்தியமும் பிந்திய படிப்பும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எமக்குத் தரப்பட்ட பொருள் கல்வியும் தொழிலும் என்பதாகும். அதனை முழுவதும் எடுத்துப் பேச எமக்கு வல்லமையில்லை. தலைவரவர்கள் தந்த நேரமும் போதாது. ஆகவே ஒரு மூலையை மட்டும் தொடுகின்றோம்.

சென்ற மாதம் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து மண்டபத் திண்ணையில் இருந்தபோது, எமது அங்கத்தவரொருவர் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தில் அவருக்கு இடங் கிடைத்திருந்தது. வயது இருபத்தைந்து. தகப்பனார் நோயிற் படுத்தமையாற் படிப்பை இடையில் விட்டு, கடையொன்றிற் கணக்கெழுதி, தமக்கையாரின் தையல் வருமானமுஞ் சேர வீட்டைத் தாங்கியவர். பின்னர் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக உயர்தரப் பரீட்சை எழுதியவர். முகத்தில் மகிழ்ச்சியைக் காணோம். "என்னோடை படிச்சவங்கள் எல்லாம் உத்தியோகத்திலை இருக்கிறாங்கள், ஐயா. நான் படிச்சு முடிய முப்பதைத் தாண்டிப் போகும். போறதோ, விடுறதோ?" என்றார். பக்கத்திலிருந்த பெரியவரொருவர், "மாட்டு டொக்டருக்கோ தம்பி இவ்வளவு பாடு?" என்று சிரித்தார். நாமும் கூடச் சிரித்துவிட்டோம். தம்பி கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அந்தச் சிரிப்புக்குப் பிராயச்சித்தமாகவே இன்று பேசுகின்றோம்.

மாட்டு டொக்டர் என்ற சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். சண்டேசுர நாயனார் சேய்ஞலூரில் வேதமோதும் குடியிற் பிறந்தவர். ஆயன் ஒருவன் பசுவை அடிக்கக் கண்டு பொறாது, மேய்க்குந் தொழிலைத் தாமே ஏற்றுக்கொண்டார். அவர் சந்நிதியில் நாள்தோறும் கைதட்டி வணங்குகின்றோம். பட்டிப் பொங்கலன்று மாட்டுக்கு மாலை போடுகின்றோம். அதே மாடு கன்று போடமுடியாமல் நடுச்சாமத்திற் கிடந்து அலறும்போது அதன் பக்கத்தில் முழந்தாளிட்டு இருப்பவரை மட்டும் ஒரு படி தாழ்த்திப் பேசுகின்றோம். இது என்ன நியாயமோ எமக்கு விளங்கவில்லை.

அத்தொழிலின் தன்மையை அறிந்தவர் சிரிக்கமாட்டார். நன்றாகப் பால் தரும் பசு, கன்று ஈன்ற ஓரிரு நாளில் திடீரென எழும்பமாட்டாமற் கிடந்துவிடும். காது குளிர்ந்திருக்கும், கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொண்டு மயங்கிக் கிடக்கும். பேய்க்குணம் என்று நூல் கட்டுவோரும் உண்டு. உண்மையில், மடியிற் பால் பெருகப் பெருக இரத்தத்திலுள்ள கல்சியம் குறைந்துபோவதே காரணம். இதனைப் பால் காய்ச்சல் என்பர். பெயரில் மாத்திரமே காய்ச்சல். மிருக வைத்தியர் நரம்பிற் கல்சிய மருந்தை ஏற்றினால், செத்ததென்று கைவிட்ட பசு பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள் எழுந்து நிற்கும். ஆனால் மருந்தை மெல்ல மெல்ல ஏற்றவேண்டும். இதயத் துடிப்பைக் கேட்டுக் கேட்டு ஏற்றவேண்டும். அவசரப்பட்டு விரைவாக ஏற்றினால் அதே மருந்து இதயத்தை நிறுத்திவிடும்.

கன்றின் தலை உள்ளே பின்பக்கம் மடிந்திருக்கும்போதும் அப்படித்தான். சுற்றி நிற்பவர் எல்லாரும் "இழு, இழு" என்று கத்துவார்கள். வைத்தியரோ முதலிற் கன்றை உள்ளே தள்ளுவார். தள்ளி இடமுண்டாக்கி, தலையை நேராக்கிய பின்னரே இழுப்பார். கடையில் இருந்து, வருகிறவன் போகிறவன் ஏச்சையெல்லாம் பொறுத்து, சதக்கணக்கும் பிசகாமல் எழுதிப் பழகிய கை இந்த வேலைக்குக் குறைந்த கையென்று நாம் எண்ணவில்லை.

மனிதருக்கும் இத்தொழிலால் ஆவது பெரிது. விசர் நாய்க்கடியால் மனிதர் சாகாதிருக்க வேண்டுமானால் முதலில் நாய்க்கு ஊசி போடவேண்டும். 2020ஆம் ஆண்டில் வடபகுதி மாடுகளின் தோலில் முடிச்சு முடிச்சாகத் தடித்தெழும்பிய புதிய நோய் வந்தபோது நாம் யாரைத் தேடி ஓடினோம்?

இனி வயதுக் கதை. மிருக வைத்தியத்துக்கென்று ஐரோப்பாவில் முதன்முதலாகக் கல்லூரி தொடங்கியவர் குளோட் பூர்ஜெலா என்ற பிரெஞ்சுக்காரர். லியோன் நகரிற் குதிரையேற்றப் பள்ளி நடத்தியவர். 1761ஆம் ஆண்டில் அரச அனுமதி கிடைத்தபோது அவருக்கு வயது 49. அந்நாளில் ஐரோப்பாவின் மாடுகளை வாரிக்கொண்டு போன வெக்கை என்ற கொள்ளைநோயே கல்லூரி பிறக்க முக்கிய காரணம். அந்நோய் உலகிலிருந்து முற்றாக ஒழிந்ததென அறிவித்தது 2011ஆம் ஆண்டில். சரியாக 250 ஆண்டு. பெரியம்மைக்குப் பின் மனிதன் பூண்டோடு ஒழித்த நோய் அது ஒன்றே.

இன்னொருவர் ஏலீன் கஸ்ற் என்ற அயர்லாந்துப் பெண்மணி. 1868ஆம் ஆண்டிற் பிறந்தவர். எடின்பரோ மிருக வைத்தியக் கல்லூரியில் 1894இற் சேர்ந்தார். அப்போது வயது இருபத்தாறு. எமது தம்பியிலும் ஒரு வயது கூட. பெண் என்ற காரணத்தால் அவரைப் பட்டத்துக்குரிய பரீட்சைக்கு அனுமதிக்க மறுத்தார்கள். வழக்குப் போட்டுப் பார்த்தார், பலிக்கவில்லை. கல்லூரித் தலைவர் கொடுத்த நற்சான்றுக் கடிதத்தோடு அயர்லாந்துக்குத் திரும்பி, ரொஸ்கொமன் பகுதியிற் குதிரைக்கும் மாட்டுக்கும் வைத்தியஞ் செய்தார். சட்டம் மாறி, அவர் கையிற் பட்டம் வந்தது 1922ஆம் ஆண்டு டிசெம்பரில், ஐம்பத்து நான்காம் வயதில். பட்டமில்லாத அத்தனை ஆண்டும் நோயுற்ற மாடுகள் அவரிடம் பட்டங் கேட்டதாகத் தெரியவில்லை.

நமது சமயத்திலும் இதற்குச் சான்று உண்டு. சம்பந்தப் பிள்ளையார் மூன்று வயதிற் பாடினார். நாவுக்கரசரோ சமணத்தில் நெடுங்காலம் கழித்து, சூலை நோய் வருத்த, தமக்கையார் திலகவதியாரிடம் வந்தே வழிகண்டார். பிந்தி வந்தவரென்று ஒருவரும் அவரைப் பின்வரிசையில் வைக்கவில்லை. சம்பந்தரே அவரை அப்பரென்று அழைத்தார்.

இவ்வளவு சொன்னதால் எல்லாம் இலேசு என்று எண்ணவேண்டாம். படிப்பு ஆங்கிலத்தில், ஆறேழு ஆண்டு புத்தகந் தொடாதவருக்கு முதலாண்டு கடினமாகவே இருக்கும். உடல் வருத்தமும் உண்டு. மாடு உதைக்கும்போது வயது பார்த்து உதைப்பதில்லை. வீட்டில் வருமானம் நின்றுபோகும். உயர்தரப் பரீட்சையும் மூன்று முறைக்கு மேல் எழுதிப் பல்கலைக்கழகம் புக இயலாது. ஆதலால் இன்னும் எழுதவிருப்போர் ஆயத்தமின்றி ஒரு முறையையும் வீணாக்கலாகாது. பிறநாட்டிற் பணங்கட்டிப் படிக்க எண்ணுவோர், அப்பட்டத்தை இலங்கை மிருக வைத்தியச் சபை பதிவுக்கு ஏற்குமா என்பதைக் காணியை ஈடு வைக்குமுன் கேட்டறிய வேண்டும். வைத்தபின் கேட்பதிற் பயனில்லை. இடங் கிடையாதவர் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியர் வேலைக்குப் படிக்கலாம். அதுவும் மாட்டுத் தொழுவத்திலே செய்யும் நல்ல வேலைதான்.

ஆனால் முப்பதைத் தாண்டிவிடும் என்ற கணக்கை மட்டும் நாம் ஏற்கவில்லை. முப்பத்திரண்டில் முடித்து அறுபதுவரை உழைத்தாலும் 28 ஆண்டு இருக்கிறது. படிக்கப் போகாவிட்டாலும் அவருக்கு முப்பத்திரண்டு வயது வரத்தான் போகிறது.

எனவே அன்றிரவே அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். தம்பி ஒன்றும் பேசவில்லை. தமக்கையார்தான் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "காசை நான் பாத்துக்கொள்ளுவன். அப்பாவைத்தான் தனிய விட்டிட்டு எங்கையும் போகேலாது" என்றார். சங்கம் செய்யக்கூடியது அதிலே இருக்கிறது. தகப்பனாரை மாதத்தில் ஒருநாள் ஆசுப்பத்திரிக் கிளினிக்குக்குக் கூட்டிச்சென்று, மருந்தெடுத்து, திரும்பவும் வீட்டிற் கொண்டுவந்து விடவேண்டும். அதிகாலை ஐந்து மணிக்கே புறப்பட வேண்டியிருக்கும். ஆளுக்கு ஒரு மாதமென்று வைத்தால் ஆண்டொன்றுக்குப் பன்னிருவர் போதும். முதன் மாதத்துக்கு எமது பெயரைக் கொடுத்திருக்கின்றோம். அன்று கூடச் சிரித்த பெரியவர் இரண்டாவது மாதத்துக்குக் கொடுத்திருக்கிறார். மிகுதிப் பத்துப் பேரும் கூட்டம் முடிந்தவுடன் காரியதரிசியிடம் பெயரைப் பதிந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கின்றோம்.