பார்வையாளர் குறிப்பேட்டைத் திறந்து வையுங்கள்

 

சிறைகளின் நிலையையும் சிறைவாசிகளின் நலனையும் வெளியார் சென்று கண்காணிப்பது பற்றி இந்தக் கருத்தரங்கில் இரண்டு நாள் பேச இருக்கிறோம். அதைப் பாளையங்கோட்டையில் பேசுவது பொருத்தம். மத்தியச் சிறை இந்த ஊரின் நடுவில் நிற்கிறது. அதன் மதிலை ஒட்டித் தினமும் போய் வருகிறவர்கள் இந்த அரங்கிலேயே பலர். உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் மருத்துவமனைக்குப் போகக் காத்திருக்கிறார்கள் என்று கேட்டால் நம்மில் ஒருவருக்கும் விடை தெரியாது.

சட்டம் இல்லாததால் வந்த குறையல்ல இது. 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டமே பார்வையாளர்களை நியமிக்க இடம் தருகிறது. நீதிபதிகளும் ஆட்சியரும் அலுவல்சார் பார்வையாளர்கள். அரசு நியமிக்கும் பொதுமக்கள் அலுவல்சாராப் பார்வையாளர்கள். மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு மாதிரிச் சிறைக் கையேடும் பார்வையாளர் குழுவுக்கென்று ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறது. ஆனால் பல மாவட்டங்களில் நியமனம் காலாவதியாகிக் கிடக்கும். நியமனம் இருந்தால் வருகை இருக்காது. வருகை இருந்தால் எழுதியது வெளியே வராது.

இதன் விலை என்ன என்பதற்குத் தமிழ்நாட்டின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1976 பிப்ரவரியில், நெருக்கடி நிலையின்போது, மிசா தடுப்புக்காவல் சட்டத்தில் பிடிக்கப்பட்டுச் சென்னை மத்தியச் சிறையில் அடைக்கப்பட்டவர்கள் இரவில் கொட்டடிகளிலிருந்து இழுக்கப்பட்டு அடிக்கப்பட்டார்கள். அடித்தவர்களில் தண்டனைக் கைதிகளாக இருந்தபடியே காவல் வேலை பார்த்தவர்களும் உண்டு. உள்ளே இருந்தவர்கள் சாமானியர்கள் அல்லர். கட்சித் தலைவர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள். சென்னை மேயராக இருந்த சிட்டிபாபு அவர்களில் ஒருவர். 1977 தொடக்கத்தில் இறந்துபோனார். அந்தச் சிறைக்கு அப்போதும் சட்டப்படி பார்வையாளர் முறை உண்டு. இருந்தும், நடந்தது முறையாகப் பதிவானது நெருக்கடி நிலை முடிந்து நீதிபதி மு. மு. இஸ்மாயில் ஆணையம் விசாரித்த பிறகுதான். நாடறிந்தவர்களுக்கே இந்த நிலை என்றால், ஆடு திருடியதாகக் கிளைச்சிறைக்கு வந்த கூலிக்காரனுக்கு யார் இருக்கிறார்கள்?

அரை நூற்றாண்டுக்கு முந்திய கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2024இல் வேலூர்ச் சிறையிலிருந்த ஆயுள் தண்டனைக் கைதி ஒருவரின் தாய் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தார். மகனை அதிகாரி வீட்டு வேலைக்குப் பயன்படுத்தினார்கள், திருட்டுப் பழி போட்டு அடித்தார்கள், தனிக்கொட்டடியில் பூட்டினார்கள் என்பது அவருடைய முறையீடு. நீதிமன்றம் விசாரணைக்கு உத்தரவிட்டது. சிபிசிஐடி வழக்குப் பதிந்தது. குற்றச்சாட்டின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். நான் கவலைப்படுவது, அது வெளியே வந்த வழியைப் பற்றி. எந்தப் பார்வையாளரின் குறிப்பும் அதை வெளியே கொண்டுவரவில்லை. ஒரு தாயின் மனுதான் கொண்டுவந்தது. அப்படி நீதிமன்றப் படியேறத் தாய் இல்லாதவர்களுக்காகத்தான் பார்வையாளர் வேண்டும் என்கிறேன்.

நானும் அலுவல்சாராப் பார்வையாளராகச் சில காலம் இருந்தவன். எந்தச் சிறை என்பது வேண்டாம். வருகை முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டிருக்கும். வாசலில் புதிதாகச் சுண்ணாம்புக் கோடு போட்டிருப்பார்கள். சமையற்கூடத்தில் மாதிரிச் சாப்பாடு தட்டில் தயாராக இருக்கும். கைதிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் கண்காணிப்பாளர் நிற்க, "ஏதாவது குறை இருக்கிறதா?" என்று கேட்டால், "குறை ஒண்ணும் இல்லைங்கய்யா" என்று ஒரே குரலில் பதில் வரும். ஒருமுறை அப்படிச் சொன்ன வரிசையின் கடைசியில் இருந்த முதியவர் ஒன்றும் பேசாமல் தன் வேட்டியைக் கணுக்கால்வரை தூக்கினார். சர்க்கரை நோய்ப் புண். கட்டுத் துணி பழுப்பேறி ஒட்டிப்போயிருந்தது. மருத்துவப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். அரசு மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லிச் சிறை மருத்துவர் எழுதியிருந்தார். அதே பக்கத்தில் "வழிக்காவல் இல்லை" என்று திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தது. ஆயுதப்படையில் ஆள் கிடைக்காத நாளெல்லாம் அவருடைய சிகிச்சை தள்ளிப்போயிருக்கிறது. மருத்துவர் கடமையைச் செய்திருந்தார், சிறைக்காரர்களும் கேட்டிருந்தார்கள். ஆயினும் கால் அழுகிக்கொண்டிருந்தது.

ஆகவே பார்வையாளராகப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: சோற்றை ருசி பார்ப்பதை விடுங்கள், பதிவேடுகளைக் கேளுங்கள். வழிக்காவல் பதிவேடு, மருத்துவப் பதிவேடு, தனிக்கொட்டடிப் பதிவேடு, எல்லாவற்றுக்கும் மேலாக உள்ளே வரும்போது உடலில் இருந்த காயங்களைக் குறிக்கும் அனுமதிப் பதிவேடு. 2020 ஜூனில் சாத்தான்குளத்துத் தந்தையும் மகனும் காவல் நிலையத்தில் அடிக்கப்பட்டு, அங்கிருந்து கோவில்பட்டிக் கிளைச்சிறைக்குக் கொண்டுவரப்பட்டு, சில நாட்களுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். மருத்துவர், நீதித்துறை நடுவர், சிறை என்று மூன்று வாசல்களை அந்தக் காயங்களோடு கடந்துதான் அவர்கள் உள்ளே வந்தார்கள். கிளைச்சிறைகளைப் பார்வையாளர்கள் எட்டிப் பார்ப்பதே இல்லை. நம் கவனம் மத்தியச் சிறைகளோடு நின்றுவிடுகிறது.

உச்ச நீதிமன்றம் இந்த வழியை எப்போதோ காட்டிவிட்டது. திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா, சக கைதி ஒருவர் சித்திரவதைக்குள்ளானதைக் கடிதமாக எழுதினார். அதையே மனுவாக ஏற்று 1979 டிசம்பரில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார். கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சிறைத்துறையையும் கவனித்தவர் அவர். சிறை எப்படி இயங்கும் என்று அவருக்குத் தெரியும். புகார்ப் பெட்டிகள் ஆட்சியர், அமர்வு நீதிபதி ஆகியோரின் பொறுப்பில் இருக்க வேண்டும், அவர்கள் சிறைக்குச் சென்று கைதிகள் மனம்விட்டுப் பேச வாய்ப்புத் தர வேண்டும் என்றார். 2015இல் ஐ.நா. ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளும் இதையே சொல்கின்றன: முன்னறிவிப்பில்லாத வருகை, கைதியோடு தனியே பேசும் உரிமை, எழுத்தில் அறிக்கை.

இங்கிலாந்தின் அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். விசாரணைக் கைதிகளையும் குறுகிய தண்டனைக்காரர்களையும் வைத்து, அக்கம்பக்கத்து நீதிமன்றங்களுக்காக இயங்கும் சிறையை அங்கே உள்ளூர்ச் சிறை என்பார்கள். பெட்ஃபோர்டு அப்படி ஒன்று. 1773இல் அந்த மாவட்டத்தின் ஷெரீஃபான ஜான் ஹோவர்டு, விடுதலையான பிறகும் சிறைக்காவலருக்குக் கட்டணம் கட்ட முடியாமல் மனிதர்கள் உள்ளேயே கிடப்பதைக் கண்டு கொதித்து, ஊர் ஊராகச் சிறைகளைப் பார்த்து 1777இல் நூல் வெளியிட்டார். இன்று அந்நாட்டின் ஒவ்வொரு சிறைக்கும் சுதந்திரக் கண்காணிப்புக் குழு ஒன்று உண்டு. ஊதியம் பெறாத பொதுமக்கள் அதன் உறுப்பினர்கள். சிறையின் சாவி அவர்கள் கையில் இருக்கும். எந்த நேரமும் உள்ளே போகலாம், காவலர் காதில் விழாதபடி கைதியோடு பேசலாம். ஆண்டறிக்கை எல்லோரும் படிக்கும்படி வெளியாகும்.

இவ்வளவு இருந்தும் பெட்ஃபோர்டு சீரழிந்தது. 2016இல் அங்கே கலவரம். தலைமைச் சிறை ஆய்வாளர் 2018இலும் 2023இலும் அவசர அறிவிக்கை விடுத்தார். அந்த அறிவிக்கை வந்தால் 28 நாளுக்குள் அமைச்சர் பகிரங்கமாகப் பதில் சொல்லியாக வேண்டும். கண்காணிப்பு ஒரு சிறையைத் தானாகத் திருத்திவிடாது என்பதை அங்கிருந்து கற்கிறோம். ஆனால் அங்கே சீரழிவை மறைக்க முடியவில்லை, அமைச்சர் வாய்மூடி இருக்கவும் முடியவில்லை. நம் பார்வையாளர் எழுதுவதோ கண்காணிப்பாளரின் அலமாரியில் இருக்கும் குறிப்பேட்டில். யாரைப் பற்றி எழுதினோமோ அவரிடமே கொடுத்துவிட்டு வருகிறோம். என் மனத்தில் மிகப் பெரிய குறை இதுதான்.

சாதி பற்றிப் பேசாமல் பாளையங்கோட்டையில் சிறை பற்றிப் பேசக் கூடாது. இங்கே கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்து வைத்தது வழக்காகி, மோதலைத் தவிர்க்கத்தான் அப்படிச் செய்கிறோம் என்ற விளக்கத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ஒருமுறை ஏற்றுக்கொண்டது. 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த நியாயத்தை நிராகரித்தது. அதோடு, சாதிப் பாகுபாடு தொடர்கிறதா என்று மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் பார்வையாளர் குழுவும் சேர்ந்து முறையாக ஆய்வு செய்ய வேண்டும் என்றும் உத்தரவிட்டது. பார்வையாளர் குழு இனி விருப்பம்போல் வைத்துக்கொள்ளும் அலங்காரம் அல்ல. அது இல்லாத மாவட்டத்தில் உச்ச நீதிமன்ற ஆணை நிறைவேறவில்லை என்று பொருள்.

இந்தக் கோரிக்கை சிறைக்காவலர்களுக்கு எதிரானது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆள் பற்றாக்குறையில் தூக்கம் கெட்டு வேலை பார்க்கும் காவலரின் நிலையையும் பார்வையாளர்தான் எழுத வேண்டும். 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். இடமோ நூறு பேருக்கு என்றால் இருந்தவர்கள் 131 பேர். நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். சட்டத்தின் கண்ணில் இன்னும் குற்றவாளிகள் அல்லர். இத்தனை நெரிசலைச் சுமப்பவர்களில் காவலரும் உண்டு.

இந்தக் கருத்தரங்கு இரண்டு கோரிக்கைகளை அரசின் முன் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பார்வையாளர் குறிப்புகளைப் பெயர் விவரங்களை மறைத்து வெளியிட வேண்டும். ஒவ்வொரு குறிப்புக்கும் குறித்த காலத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். நீங்கள் அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் மாவட்டத்துச் சிறைக்கும் ஒவ்வொரு கிளைச்சிறைக்கும் அலுவல்சாராப் பார்வையாளர்கள் யார், கடைசியாக எப்போது வந்தார்கள், என்ன எழுதினார்கள், அதன்மேல் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று கேட்டு, ஊர் திரும்பியதும் ஆளுக்கொரு மனு அனுப்புங்கள். வரும் பதில்களைத் தொகுத்து அடுத்த கூட்டத்தில் கட்டுரைகளாக வாசியுங்கள். முதல் அமர்வைத் தொடங்குமாறு கட்டுரையாளர்களை அழைக்கிறேன்.